ஷாக் அப்சார்பர் வாங்கும் முன்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைக் கோபியிலிருந்து எடுத்து வந்து ஓட்டுகிறீர்கள் என்று அக்கா சொன்னபோது மனம் நிறைந்தது. அது வளைவில் வாலை ஆட்டுகிறது என்றும், அதற்காகப் புதிய ஷாக் அப்சார்பர்கள் வாங்கப் போகிறீர்கள் என்றும் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள்.

1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. அந்த வயதுடைய வண்டியில் ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் மூட்டுகளைப் பார்க்க வேண்டும் என்பதை நான் பணம் செலவழித்துத்தான் கற்றேன். திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியபோது, என் பழைய வண்டியின் முன்சக்கரம் திரும்பிய பிறகு பின்சக்கரம் ஒரு கணம் தயங்கித் திரும்பியது. டயரை மாற்றினேன், ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன், ஆட்டம் நிற்கவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கைதான் ஸ்விங் ஆர்ம். அது வண்டியின் சட்டத்தோடு சேரும் மூட்டில் இருக்கும் குழல்தான் புஷ். ஆண்டுக்கணக்கில் நான் கிரீஸ் வைக்காமல் விட்ட அந்தப் புஷ்தான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. புஷ்ஷில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும், நீண்ட ஆர்மின் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தில் அது பல மடங்கு ஆட்டமாகிவிடும்.

சக்கரத்தையும் செயினையும் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகளை விடுவித்து, ஆர்மில் சக்கரம் மாட்டும் இரு முனைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் தடையின்றி ஆட வேண்டும். பக்கவாட்டில் சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் புஷ்ஷோடு அதனுள் செல்லும் தண்டான ஷாப்டையும் எடுத்துப் பாருங்கள், ஏனெனில் தேய்ந்த ஷாப்டில் புதிய புஷ் நெடுநாள் நிற்காது. அளவுக்குக் கடைந்து தர நம் கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் மூட்டில் இருக்கும் பேரிங். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒற்றை விரலால் மெல்லத் திருப்புங்கள். நேர் நிலைக்கு வரும்போது ஒரு சிறு குழிக்குள் இறங்குவதுபோல் பிடித்து நின்றால், பால்ரஸ் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிட்டன என்று பொருள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், அந்த ஓரிடத்திலேயே அடி விழுந்துகொண்டிருக்கிறது. அதை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி இடமும் வலமும் அலையும். செட்டாக மாற்றுவதே முறை.

பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கும் செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பிச் சக்கரத்தை வைக்காதீர்கள். கொத்தனார் நூல் பிடிப்பதுபோல, பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி முன்சக்கரம் வரை நூல் கட்டிப் பாருங்கள். பின் டயரின் அகலம் 2.75 அங்குலம், முன் டயரின் அகலம் 2.50 அங்குலம் என்பதால் முன்னால் சிறு இடைவெளி தெரியும். அது இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் போதும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரு கால்களான போர்க்கில் ஊற்றும் ஆயிலைப் பற்றி ஒன்றுதான். கையேட்டில் சொன்ன அளவை இரண்டு கால்களிலும் சமமாக ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து போர்க் விறைக்கும், ஆயில் சீலும் கசியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வால் ஆடினால், ஷாக் அப்சார்பர் வாங்க நானே உடன் வருகிறேன். ஞாயிறு காலை வண்டியை இங்கே கொண்டு வாருங்கள். நூல்கண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா