சுண்டுவிரல் மட்டும் மரக்கவில்லை என்று எழுதியிருந்தாய்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு நண்பா,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நடுச்சாமத்தில் வலக்கை மரத்து விழிப்புத் தட்டுவதாகவும், உதறிக்கொண்டால் சரியாகிவிடுவதாகவும், சுண்டுவிரல் மட்டும் மரப்பதில்லை என்றும் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. என் கையிலும் அப்படித்தான் தொடங்கியது.

உன்னைப் போலவே நானும் சர்க்கரைதான் காரணம் என்று நினைத்து, மூன்று ஆண்டுகள் தைலம் தேய்த்தே காலத்தைக் கடத்தினேன். பிறகு வலி தானாகவே குறைந்தது. குணமாகிவிட்டதென்று தண்ணீர்மலை முருகனுக்கு நன்றியும் சொன்னேன். அந்தத் தைப்பூசத்துக்கு மாலை கட்ட உட்கார்ந்தபோதுதான், நாரைச் சுற்றி இழுக்கும் நேரத்தில் கட்டைவிரல் மல்லிகைக் காம்பை அழுத்திப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டது. இரண்டு கைகளையும் விளக்கடியில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதைமேடு இடக்கையில் திரண்டிருக்க, வலக்கையில் வற்றிக் குழி விழுந்திருந்தது.

மணிக்கட்டில், எலும்புகள் அடியிலும் பக்கத்திலும் சுவராக நிற்க, கெட்டியான நார்ப்பட்டை ஒன்று கூரையாக மூடிய ஒடுங்கிய வழி இருப்பதை மருத்துவர் படம் வரைந்து காட்டினார். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கிறது. இடம் குறைந்தால் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சியும், கட்டைவிரலைத் தூக்கும் தசையின் பலமும் அந்த நரம்பைச் சேர்ந்தவை. சுண்டுவிரலுக்கு உரிய நரம்பு அந்த வழியாக வருவதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நெருக்கடி வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மையே. ஆனால் சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் பாதத்தில் அல்லவா தொடங்கும்?

சிறு மின்சாரம் பாய்ச்சி நரம்பைச் சோதித்தபின், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, நார்ப்பட்டையை வெட்டிவிட்டார்கள். அன்று மாலையே வீடு திரும்பினேன்; அந்த வாரமே இரவில் நிம்மதியாக உறங்கினேன். ஆனால் வற்றிய சதை ஓராண்டு கழிந்தும் பாதிதான் திரும்பியிருக்கிறது. சட்டைப் பொத்தானை இன்றும் என் மனைவிதான் போட்டுவிடுகிறாள். வலி குறைந்ததை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேனே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது; நரம்பு மிகவும் நைந்த பிறகும் வலி குறைவதுண்டாம்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்க மேசைமேல் கையை வைத்துக் கட்டைவிரலைக் கூரையை நோக்கி உயர்த்து. உன் மனைவி அதை ஒரு விரலால் கீழே அழுத்தட்டும். இடக்கையிலும் அப்படியே செய்து பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் தாங்கினால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையோ ஓர் ஊசியோ உனக்குப் போதுமானதாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தீபாவளித் தையல் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாதே; கத்தரிக்கோல் பிடிக்கும் கை அது.

வலக்கை தாங்கவில்லையென்றால் அன்றைக்கே எனக்குப் போன் செய். அடுத்த பேருந்தில் வந்து நானே உன்னை அழைத்துப்போகிறேன்.

உன் பழைய வகுப்புத் தோழன்