ட்ரைக்கு 5 புள்ளி கொடுத்தால் ஆட்டம் மாறாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தற்காப்பே கதி என்று அணிகள் ஆடுவதால் ரக்பி லீக்கில் அழகு செத்துக்கொண்டிருக்கிறது, ட்ரைக்கு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்கு) 4-க்குப் பதில் 5 புள்ளி கொடுத்தால் சரியாகிவிடும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இந்த மருந்தை ஆஸ்திரேலியா ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தாயிற்று. அங்கே 1983-இல் ட்ரை 3 புள்ளியிலிருந்து 4 ஆனது. 1986 இறுதிப்போட்டியில் பாரமட்டா அணி 4-2 என்று கேன்டர்பரி அணியை வென்றது. இரு அணியும் சேர்ந்து ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை. பீட்டர் ஸ்டெர்லிங், பிரெட் கென்னி போன்ற நட்சத்திரங்கள் ஆடிய பாரமட்டா அது! ட்ரையின் விலை ஏறினால் அதைத் தடுப்பதன் விலையும் சேர்ந்தே ஏறும்.

விஷயம் புள்ளியில் இல்லை, தரையில் இருக்கிறது. டேக்கிளில், அதாவது எதிரணி பிடித்து அமுக்கியதில், விழுந்தவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள ஆகும் அந்த மூன்று, நான்கு நொடிகளைப் பாருங்கள். அதற்குள் தடுப்பவர்கள் 10 மீட்டர் பின்வாங்கியாக வேண்டும். பந்து சீக்கிரம் வந்தால் அவர்கள் இன்னும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், விழுந்தவருக்கு நேரெதிரே நிற்க வேண்டிய மார்க்கர்கள் நேராக நின்றிருக்க மாட்டார்கள். பின்னால் வரும் பந்தை எடுக்கும் டம்மி ஹாஃப் நடுவே பாய்வார், அவரைப் பிடிக்க இரண்டு பேர் உள்ளே இழுபடுவார்கள், அடுத்த பந்தில் ஓரத்தில் ஓர் ஆள் மிச்சம். ஒரு நொடி தாமதித்தால் வரிசை கட்டி முன்னே வந்துவிடுவார்கள். முன்னால் ஒருவர் ஏமாற்றி ஓட, அவர் முதுகுக்குப் பின்னால் கடைசி வரிசை ஆளான ஃபுல்பேக்குக்குப் போகும் அதே பாஸ், அப்போது எதிரணி சென்டரின் தோளில் போய் முட்டி நிற்கும்.

அந்த ஒரு நொடியைத் திருடத்தான் மல்யுத்தப் பயிற்சி. முதல் ஆள் பந்தோடு சேர்த்து மார்பைக் கட்டுகிறார், ஆஃப்லோட் (பிடிபட்டபடியே பந்தைத் துணை ஆளுக்குக் கொடுப்பது) முடியாது. இரண்டாமவர் காலைப் பிடிக்கிறார். மூன்றாமவர் வந்து மல்லாக்கப் புரட்டுகிறார். மல்லாந்து கிடப்பவர் முதலில் புரண்டு கவிழ்ந்துதானே எழ வேண்டும்?

2020 மே மாதம் ஆஸ்திரேலியாவின் முதன்மை லீக்கான என்ஆர்எல் கொண்டுவந்த 'சிக்ஸ் அகெய்ன்' இதற்கு நல்ல பதில். ஓர் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் பந்து; எதிரணி தரையில் அமுக்கித் தாமதித்தால், பெனால்டிக்குப் பதில் அந்த எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பெனால்டி என்றால் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இதில் ஆட்டம் நிற்பதே இல்லை. ஆனால் முதல் டேக்கிளிலேயே அமுக்கிப் பிடித்தால் தண்டனை என்ன? எதிரணிக்கு ஒரே ஒரு டேக்கிள் கூடுதல், அவ்வளவுதான். எதிரணி தன் கோட்டருகே இருக்கும்போது அது மலிவான பேரம். 2022-இல், பந்து வைத்திருக்கும் அணி தன் 40 மீட்டருக்குள் இருந்தால் முழு பெனால்டி என்று திருத்தினார்கள். மைதானத்தில் எங்கே நடந்தாலும் முதல் டேக்கிள் தவறுக்கு முழு பெனால்டி என்று ஆக்குவதுதான் சரி.

ஆஃப்லோடைப் பயிற்சியாளர்கள் நெரிக்கிறார்கள் என்ற கட்டுரையாளரின் குற்றச்சாட்டும் பாதிதான் சரி. தன் 20 மீட்டருக்குள் இரண்டாவது டேக்கிளில் பந்து தவறினால், எதிரணிக்குக் கோட்டருகே ஆறு டேக்கிள் தானம். அங்கே ஆஃப்லோட் வேண்டாம் என்பது புத்திசாலித்தனம். எதிரணிப் பாதியில், நான்காவது டேக்கிளில், கை விடுபட்டு, துணை ஆள் இரண்டு அடி தூரத்தில் இருக்கும்போதும் பந்தை அணைத்துக்கொண்டு விழச் சொன்னால் அது கோழைத்தனம்.

கட்டுரை பென்ரித் அணியை 'அரைக்கும் இயந்திரம்' என்கிறது. 2021 லீக் சுற்றில் மெல்பர்ன் 815 புள்ளி குவித்தது. பென்ரித் விட்டுக்கொடுத்ததோ 286 மட்டுமே. அரையிறுதியில் அந்த மெல்பர்னைப் பென்ரித் 10-6 என்று வென்றது. சரி, அரைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 2023 இறுதிப்போட்டியில் பிரிஸ்பேனிடம் 24-8 என்று பின்தங்கி, கடைசி 20 நிமிடத்தில் மூன்று ட்ரை அடித்து 26-24 என்று வென்றதும் இதே அணிதான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

புள்ளியை மாற்றுவதற்கு முன், ஆள் மாற்றங்களை 8-இலிருந்து 6 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். 2016-இல் 10-ஐ 8 ஆக்கினார்கள். பெரிய உடம்புக்காரர்கள் வெளியே உட்கார்ந்து இளைப்பாற முடியாவிட்டால், 60-வது நிமிடத்துக்குப் பிறகு மூன்றாவது ஆளாகப் போய்ப் புரட்ட அவர்களிடம் தெம்பு இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்