எத்திக்ஸ் கமிட்டிகளின் பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டாக்டர்களுக்கு அல்ல, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள்படி, மனிதர்களிடம் நடத்தும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவர் நீங்கள். மற்றவர்கள் கலைச்சொற்களில் பேசிக்கொண்டிருக்கும்போது, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடத் தோன்றும். போடும் முன் சீனாவில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கரு நிலையிலேயே கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில், எச்ஐவி கிருமி செல்லுக்குள் நுழைய வழிவிடும் சிசிஆர்5 மரபணுவை மாற்றி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அப்பாவுக்கு எச்ஐவி, அம்மாவுக்கு இல்லை. அப்பாவிடமிருந்து தொற்று வராமல் தடுக்க விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தினாலே போதும். ஹேயின் குழுவே அதைச் செய்திருந்தது. பிறகு மரபணுவில் ஏன் கை வைக்க வேண்டும்? பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றாமலிருக்க என்றார். அதுவும் உருப்படியாக நடக்கவில்லை. ஒரு குழந்தைக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறவே இல்லை.

எனக்கு உறுத்துவது ஒப்புதல் படிவம்தான். அதில் இந்த வேலைக்கு வைத்த பெயர் 'எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம்'. கருவைக் கருப்பையில் வைத்த பிறகு விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருந்தது. சீனாவில் எச்ஐவி உள்ளவர்களுக்கு ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தது. குழந்தைக்கு வேறு வழியில்லாத தம்பதியிடம் இலவச ஐவிஎஃப் என்று நீட்டினால், எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? நெறிமுறை அனுமதிக் கடிதமே போலி என்று பிறகு தெரிந்தது. 2019 டிசம்பரில் ஷென்ஜென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

மரபணு திருத்தமே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோயான சிக்கிள் செல் நோய்க்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கேஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்துத் திருத்துகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடமும் அந்த நோய் உண்டு, கட்டுப்படியாகும் விலையில் அவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் (இன்றைய விலை கோடிகளில்!). அங்கே சம்மதம் தருவது நோயாளியோ பெற்றோரோ. மாற்றமும் அந்த ஒரு உடம்போடு முடிந்துவிடும். கருவில் செய்தால் அது பேரன் பேத்திகள்வரை போகும்.

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டுதல்களில் தடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் கம்பெனிகள் இதற்காகவே பணம் திரட்டத் தொடங்கிவிட்டன. நாளைக்கு உங்கள் மேசைக்கு இது 'கரு மரபணு திருத்தம்' என்ற பெயரிலேயே வரும் என்று நினைக்காதீர்கள்.

ஆகவே தமிழ் ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் தம்பதிக்கு இதைவிட எளிய வழி இருக்கிறதா, பாதியில் விலகினால் அவர்களுக்கு என்ன நஷ்டம், பிறக்கும் குழந்தையை 20 வயதுவரை யார் செலவில் யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் (மினிட்ஸ்) ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
படிவத்தின் மறுபக்கத்தில் கையெழுத்துப் போடுபவர்களில் ஒருத்தி