செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளியும் இந்த வருஷமும் குறைவில்லாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் சொல்ல வேண்டியது காட்டுத்தீ ஆயத்தப் பணி பற்றித்தான்.

புதிதாகக் கன்பராவுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு 2003 தெரியாது. அந்த வருஷம் ஜனவரி 8ஆம் தேதி மின்னல் விழுந்து மலைக்காட்டில் பற்றிய தீ, 18ஆம் தேதி சனிக்கிழமை வடமேற்குக் காற்றோடு ஊருக்குள் புகுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 500 வீடுகள் அழிந்தன. நகரின் மேற்கு ஓரக் குடியிருப்பான டஃபியில் யூகம்பீன் டிரைவ் என்ற சாலைக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் ஸ்ட்ரோம்லோ பைன் மரத் தோட்டம். நடுவில் அந்த ஒரு சாலைதான். 2001 கிறிஸ்மஸ் சமயத்திலேயே நகரை ஒட்டிய பைன் எரிந்திருந்தது. அதற்குமேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

எரிந்த நிலத்தில் ஒரு பகுதி தேசிய மரப் பூங்காவாகவும் ஒரு பகுதி ஸ்ட்ரோம்லோ வனப் பூங்காவாகவும் ஆனது. நல்ல முடிவு. ஆனால் ரைட், கூம்ப்ஸ், டென்மன் புரொஸ்பெக்ட் என்று புதுக் குடியிருப்புகளாக வீடுகளும் மேற்கே போய்க்கொண்டிருக்கின்றன. நகருக்கு மேற்கே யூரியாரா பக்கம் திரும்ப நட்ட பைன் நிற்கிறது. தோட்டத்தை விலக்கிக் கிடைத்த இடைவெளியை நாமே வீடு கட்டி நிரப்பிவிடக் கூடாது என்று உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். கடைசித் தெருவுக்கு வெளியே புல் வெட்டிய அகலமான வெளி, தீயணைப்பு வண்டி போக ஒரு சாலை, பைன் உள்ள இடங்களில் கீழ்க்கிளைகளைக் கழிப்பது, மரம் வெட்டிய பின் கிடக்கும் கழிவை அகற்றுவது ஆகியவற்றைக் கேட்டோம். கீழ்க்கிளை இல்லாவிட்டால், உதிர்ந்த ஊசியிலையில் பிடித்த தீ மர உச்சிக்கு ஏறுவது கடினம். கடிதம் கிடைத்தது என்ற பதிலோடு விஷயம் நிற்கிறது. விடுவதாக இல்லை.

அக்டோபர் 1 தீப்பருவம் தொடங்குமுன் கூரைப் பீலி, அதாவது கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், துப்புரவு நடத்தினோம். ஒரு வீட்டுப் பீலியில் மட்டும் வாளி நிறையச் சருகு, அடியில் ஒரு மைனாக் கூடு. சுவாலை எட்டாத வீட்டையும் பறந்து வரும் தணல் பற்றவைக்கும்; அது விழுவது இப்படியான இடத்தில்தான். அப்புறம், நாம் ஆசையாக வாசலில் போடும் தும்புக் கால்மிதி! தீ அபாய நாளில் அதையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

2022 முதல் தீ அபாய எச்சரிக்கை நான்கு படிகளில் வருகிறது. உச்சப்படி அறிவித்தால் குழாயும் கையுமாக நிற்க வேண்டாம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, அப்பாக்களுக்கு ஆங்கில அறிவிப்பு புரியாது என்பதால், தெருவுக்கு ஒருவர் அழைத்துச் சொல்லும் ஏற்பாடு செய்திருக்கிறோம். டென்மன் புரொஸ்பெக்டுக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை. தேநீருக்கு எழுமுன் யாராவது பெயர் தந்தால் நல்லது.

அறிக்கையைச் சபையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்