முதல் கிளாஸை நீட்டப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு சீனியர்கள் நீங்கள் விருந்து வைக்கப்போவதாகச் சொன்னாய். "சரக்கு இல்லாம எப்படிக்கா? எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்றாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. அந்த 'எல்லாரும்' என்ற சொல்தான் இரண்டு நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது.

யாரடா அந்த எல்லாரும்? அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். 1993-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வளாகத்தில் நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்றவர்களுக்கு எவ்வளவு சம்மதம் என்பது கேள்வி. மாணவர்கள் பொதுவாகச் சொன்ன பதில்: எனக்குத்தான் கொஞ்சம் சங்கடம், மற்றவர்கள் சகஜமாக இருக்கிறார்கள். எல்லாரும் உள்ளே தயங்கிக்கொண்டு, அடுத்தவன் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்திருக்கிறார்கள். இந்த உண்மையைப் புதிய மாணவர்களை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தபோது, சில மாதம் கழித்து அவர்கள் குடித்தது குறைவாக இருந்தது என்று 1998-இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது.

வீட்டை விட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளைக்கு உன் முகம்தான் அந்த 'எல்லாரும்'. நீ நீட்டினால் அவன் வாங்கிக்கொள்வான். ஆசைப்பட்டு இல்லை, தனியாகிவிடுவோமோ என்ற பயத்தில்.

நான் படித்தபோது விடுதியில் ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். "தூங்கினா சரியாயிடும்" என்று போர்த்திவிட்டு வந்துவிட்டோம். நடுராத்திரியில் போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிழைத்துவிட்டாள். ஆனால் அந்தப் போர்வையை இழுத்துவிட்ட கை என்னுடையது, தம்பி. வயிற்றில் இருக்கும் சாராயம் மயங்கிய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கல்லீரல் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சிறு அளவைத்தான் கரைக்கும். காபியும் குளியலும் அதை வேகப்படுத்தாது.

மூளையின் முன்பகுதி சுமார் 25 வயது வரை வளர்கிறது, 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்றது. இதெல்லாம் நீ எங்கேயாவது படித்திருப்பாய். நான் கேட்பது வேறு. அந்த விருந்தில் சரக்கு வேண்டாம். பாட்டு இருக்கட்டும், சாப்பாடு இருக்கட்டும், விடிய விடியப் பேச்சு இருக்கட்டும். உன் நண்பர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களிலும் ஒன்றிரண்டு பேர் உள்ளுக்குள் நிம்மதி அடைவார்கள் என்று நினைக்கிறேன். வேறு யாராவது கொண்டுவந்து, ஒரு பிள்ளை "வேண்டாம்ணா" என்றால், ஏன் என்று அவனை யாரும் கேட்க விடாதே. யாராவது சரிந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, தனியாக விடாதே, பெயர் கெட்டுவிடும் என்று யோசிக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

விருந்து முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா