வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: காமன்வெல்த் படித்த வருஷம்

தலைவர் ஐயாவுக்கும், பெரியோர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சித்திரைக் கூட்டத்தில் நம் உறுப்பினர் அம்மா ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த ஆண்டின் படிப்பைத் தீர்மானித்தது. "பெரியவன் மஸ்கட்ல பாஸ்போர்ட் புதுப்பிக்க எம்பசிக்குப் போறேங்கிறான். சின்னவன் சிங்கப்பூர்ல ஹைகமிஷனுக்குப் போறேங்கிறான். ரெண்டும் நம்ம நாட்டு ஆபீஸ்தானே, பேர் ஏன் வேற?" அன்றைக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம் தேடிப் படித்துவிட்டு வந்தோம். சிங்கப்பூரும் நாமும், பெரும்பாலும் பிரிட்டன் ஆண்ட நாடுகள் சேர்ந்திருக்கும் காமன்வெல்த் சங்கத்தின் உறுப்பினர்கள். மஸ்கட் இருக்கும் ஓமன் அதில் இல்லை. ஒரே பிரிட்டிஷ் மன்னரின் கீழ் இருந்த நாடுகள் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை என்ற கணக்கில், ஒன்று இன்னொன்றுக்குத் தூதர் அனுப்பவில்லை, ஹைகமிஷனரை அனுப்பியது. பல நாடுகளில் அந்த மன்னராட்சி போன பிறகும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சரி, விடுதலை பெற்ற நாடுகள் ஏன் பழைய எஜமானனோடு ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும்? ஆடியிலிருந்து மார்கழி வரை இந்தக் கேள்வியைச் சுற்றியேதான் பேசினோம். கார்த்திகைக் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை.

பதிலைத் தேடப் போனால் முதலில் வந்து நின்றவர் நம் வலங்கைமான்காரர். 1869-இல் இங்கே பிறந்து, கும்பகோணத்தில் படித்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, 1921-இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவர். கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற குடியேற்ற நாடுகளில் முறையாகக் குடியேறி வாழும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று அங்கே வாதாடினார். தீர்மானம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஏற்க மறுத்தது. பின்னர் 1927-இல் அதே தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜெண்டாக, அதாவது அரசின் பிரதிநிதியாகப் போனவரும் அவர்தான். மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலைமையை நேரில் பார்த்து அறிக்கை எழுதியதும் அவரே. ஆங்கில அரசோடு அளவுக்கு மீறி இணங்கிப் போனார் என்ற குறை அவர் மேல் உண்டு. நம் கூட்டத்திலும் அது சூடாகவே பேசப்பட்டது. ஆனால் சம உரிமை என்ற பேச்சை அந்த அவையில் வைத்தவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அவர் 1946-இல் காலமானார். மறு ஆண்டே இந்தியா விடுதலை பெற்றது. 1949 ஏப்ரல் மாதம் லண்டனில் எட்டு நாடுகள் கூடின. இந்தியா குடியரசாகப் போகிறது, மன்னரை ஏற்காத நாடு உள்ளே இருக்கலாமா என்பதுதான் சிக்கல். 1948 ஜனவரியில் விடுதலை பெற்ற பர்மா காமன்வெல்த்தில் சேரவில்லை. குடியரசு உள்ளே இருக்க அன்று வழியும் இல்லை. நேரு போய்ப் பேசிய பிறகு ஒரு வழி பிறந்தது. மன்னர் அந்தச் சங்கத்தின் அடையாளம், தலைவர். ஆனால் இந்தியாவுக்கு அவர் அரசர் இல்லை. முழு விடுதலை கேட்டுப் போராடிவிட்டு இதென்ன என்று இங்கே பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் பின்னால் வந்த குடியரசுகள் உள்ளே இருந்திருக்க முடியாது. விடுதலை பெற்ற நாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: 1957-இல் கானாவும் மலாயாவும், 1960-இல் நைஜீரியா, அப்புறம் வரிசையாக ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள். இப்போது மொத்தம் 56. அவற்றில் 36 குடியரசுகள். பிரிட்டனின் ஆட்சியில் இருந்தேயிராத மொசாம்பிக்கும் 1995-இல் சேர்ந்துவிட்டது.

நம் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது 1961. தென்னாப்பிரிக்கா குடியரசாக மாறியபோது, தொடர்ந்து இருக்க மற்றவர்களின் சம்மதம் வேண்டியிருந்தது. நமக்காக 1949-இல் திறந்த அதே கதவு. இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளும் இருந்தன. நிறவெறிக் கொள்கையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள், கனடாவும் அவர்கள் பக்கம் நின்றது. தென்னாப்பிரிக்கா தானே விலகியது. சாஸ்திரிக்கு இல்லை என்று சொல்லிச் சரியாக நாற்பது வருஷம். மண்டேலா ஆட்சிக்கு வந்த 1994-இல்தான் அது திரும்பச் சேர்ந்தது.

ஒரு மனக்குறையையும் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும். 1948-இல் இலங்கை கொண்டுவந்த சட்டத்தால் மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகளே. அந்த மக்களின் கதியை 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் தங்களுக்குள் எண்ணிக்கை பேசித்தான் முடிவு செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. மக்களை யாரும் கேட்கவில்லை. ஒருமித்துப் பேசி முடிவெடுக்கும் சங்கத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது என்று புத்தகத்தில் படிப்பது வேறு. ஐப்பசிக் கூட்டத்தில் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தன் அப்பாவின் கதையைச் சொன்னபோது அது வேறாக இருந்தது. அவர் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தை மாதம் சம்பா அறுவடை, ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். மாசியில் கூட்டம் பழையபடி நிறைந்தது.

வரும் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களைப் பற்றிப் படிக்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. ரஜூலா கப்பலில் போய்வந்தவர்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட், கடிதம், கப்பல் டிக்கெட் எதுவானாலும் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். செப்டம்பர் 22 ஸ்ரீநிவாச சாஸ்திரியின் பிறந்தநாள். முதல் கூட்டத்தை அன்றைக்கே வைத்துக்கொள்ள உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்