பாப்பாவுக்கு, குன்னூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பயணம் ரத்தானதைச் சொல்லி நீ பொரிந்தபோது, போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். உன் கோபத்தில் என் பேச்சு எடுபடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. டீக்கடையில் தினமும் ஒருத்தராவது "பொண்ணு பைலட் ஆயிடுச்சா?" என்று கேட்கிறார். உன்னிடம் கேட்டுக் கேட்டு நானும் பாதி வாத்தியாராகிவிட்டேன். ஸ்டூடண்ட் பைலட் லைசென்ஸ் நம்ம எல்.எல்.ஆர். மாதிரி, 16 வயதானால் வாங்கலாம் என்பேன். தனியாக முதல்முறை பறந்து இறங்கியதும் உன் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டினார்களே, அதையும் சொல்வேன். எல்லாரும் ரசிப்பது அதைத்தான். பிரைவேட் லைசென்ஸுக்கு 40 மணி நேரம் பறந்தால் போதும், ஆனால் அதை வைத்துச் சம்பளம் வாங்க முடியாது. உன்னைப் போலப் பலர் நேரே கமர்ஷியலுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு 200 மணி நேரம், ஒவ்வொரு பேப்பரிலும் நூற்றுக்கு 70.

"அப்போ மறுநாளே பெரிய பிளேனா?" என்றார் ஒருவர். இல்லையப்பா, அந்த ரக விமானத்துக்கென்று சிமுலேட்டரில் தனிப் பயிற்சி உண்டு, டைப் ரேட்டிங் என்று பெயர். அதற்கப்புறமும் துணை பைலட்டின் வலதுபக்க சீட்தான். கேப்டனின் இடதுபக்க சீட்டுக்கு மாற 1500 மணி நேரமும் ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸும் வேண்டும். அது கையில் இருந்தாலும் கம்பெனி தன் பங்குக்குச் சோதித்துவிட்டுத்தான் தோளில் நாலாவது பட்டையை வைக்கும் என்றேன். அவர் வடையை முடித்துவிட்டு, "பேசாம பேங்க் பரீட்சை எழுதச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

சரி, உன் விஷயம். 300 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், நடுவில் இரண்டு ஊரில் இறங்கி ஏறும், கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய அந்தத் தனிப் பயணத்தை உன் இன்ஸ்ட்ரக்டர் இரண்டாவது தடவையும் ரத்து செய்துவிட்டார். கூடப் படிக்கிறவர்கள் முடித்துவிட்டார்கள். வருத்தம் இருக்கத்தான் செய்யும். கடனுக்கு வட்டி ஓடுவதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. "மேகம் அவ்வளவு ஒண்ணும் இல்லப்பா, போயிருக்கலாம்."

நான் பிரேக்ஸ்மேனாகச் சேர்ந்த புதிது. நம்ம மலை ரயிலில் கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும் அல்லவா, முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கிறவன்தான் டிரைவருக்குக் கண். ஒரு நாள் மூடுபனியில் தண்டவாளத்தில் கறுப்பாக ஏதோ தெரிய, சிவப்புக் கொடி காட்டினேன். இறங்கிப் பார்த்தால் நனைந்த சாக்கு. பெட்டி பூராவும் சிரிப்பு. அன்றிலிருந்து கூட வேலை செய்தவர்கள் என்னைச் சாக்கு என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் ஹில்குரோவ் ஸ்டேஷனுக்கு மேலே, மழை. மறுபடியும் கறுப்பாக ஒன்று. காட்டினால் திரும்பவும் சிரிப்பார்களே என்று நின்றேன், இரண்டு மூச்சு விடும் நேரம். அப்புறம் கொடியை உதறினால், ஈரத்துணி குச்சியோடு ஒட்டிக்கொண்டு விரியவில்லை. விரலால் பிய்த்துப் பிரித்துக் காட்டினேன். வண்டி நின்றபோது ஆட்டுக்கல் அளவுப் பாறை ஒரு முழத்தில் கிடந்தது. மெதுவாக ஏறுகிற வண்டி, அதனால் நின்றது. உன் வண்டி அப்படி நிற்காது.

எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் தாமதித்தது டிரைவருக்குக்கூடத் தெரியாது. அம்மாவிடமும் சொன்னதில்லை.

200 மணியில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நீயே பொறுப்பாகப் பறக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். இப்போது போகாதே என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். நாலு பட்டை வந்த பிறகு, பக்கத்து சீட்டில் இருப்பவர் உன் முகத்தைத்தான் பார்ப்பார். அடுத்த தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வானிலை அறிக்கையைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள். அவர் சொல்வது வேறாக இருந்தால் ஏன் என்று கேள். உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு கேட்காதே, அது அம்மாவின் பழக்கம்.

அம்மா வர்க்கி அனுப்பியிருக்கிறாள். பார்சலில் நொறுங்கித்தான் வரும். டீயில் தொட முடியாவிட்டால் கொட்டிவிட்டு ஸ்பூனால் சாப்பிடு. இங்கே மண் சரிந்து நாலு நாளாக ரயில் இல்லை.

அப்பா